இருபத்தைந்தாவது தள்ளு

முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. செத்துப்போன ஓர் ஆளுக்கு ஒரு ரைஸ் மில் முதலாளி வைத்திருந்த பாக்கி அது.

விளக்குத் திரியைக் கொஞ்சம் இறக்குங்கள். கிட்டே வந்து உட்காருங்கள். நம்மோடு கல்பாக்கத்தில் ஜல்லி சுமக்கிறாளே, வேண்டா என்கிற பெண், அவளுடைய தாய்மாமன் சிங்காரத்துக்கு நடந்தது இது. சந்தேகம் என்றால் காலையில் அவளையே கேளுங்கள். இப்போது கேட்காதீர்கள். ராத்திரியில் அவள் இதைப் பேசமாட்டாள்.

மணி பதினொன்று இருக்கும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் சவுக்கு. நிலா இல்லை... காற்றும் இல்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி.

அது ஸ்டூடிபேக்கர். அமெரிக்கக்காரன் செய்தது. முன்னால் ஏரோப்பிளேன் மூக்கு மாதிரி ஓர் உருண்டை மூக்கு. தெருப் பிள்ளைகள் ‘மூக்கன் வந்துட்டான்டோய்’ என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடும். அதைச் செய்த கம்பெனியை அவன் ஊரிலேயே இழுத்து மூடி ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. ஓர் உருப்படி தேய்ந்தால் புதுசு வராது. சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் குவியலில் துழாவித்தான் எடுக்கவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். முதலாளி சதாசிவத்திடம் பணம் இருந்தது. அவிழ்க்கிற கைதான் இல்லை.

சிங்காரம் அந்த வண்டிக்கு டிரைவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதலாளி குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவார். இருட்டித் திரும்பும்போது எஞ்சின் சூடேறி, கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிடும். கூன் முதுகு மாதிரிப் பாலம் அது. உச்சி வரைக்கும் யாராவது தள்ளிவிட்டால், அந்தப் பக்கத்து இறக்கத்தில் உருண்டு எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

தள்ளினவன் மாரி. கால்வாயில் உப்புப் படகு இழுக்கிறவன். தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு கரையோரமாக நடந்தே படகை இழுப்பான். கயிறு சுற்றி இடது கைக் கட்டைவிரல் எப்போதோ போய்விட்டது. அவன் தனியாகவே அந்த இரும்பு மலையைத் தள்ளுவான். அவனுக்கும் சிங்காரத்துக்கும் ஒரு பாஷை உண்டு. டிக்கியின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால், ‘தள்ளுறேன், பிரேக்கை விடு’. ஒரே ஒரு தட்டு என்றால், ‘நிறுத்து’.

ஒரு தள்ளுக்கு ஒன்றரை ரூபாய் என்று பேச்சு. உச்சியில் வண்டி நின்றதும் மாரி ஜன்னலோரம் வந்து நிற்பான். முதலாளி தலையை நீட்டுவார். “அடுத்த வாரம் சேத்து வாங்கிக்கடா.”

இருபத்து நாலு ஞாயிறு இப்படியே போயிற்று.

பிரேக் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லிச் சிங்காரத்துக்கு வாய் வலித்துப்போயிற்று. “கம்பெனியே செத்துப்போச்சுடா, ரப்பருக்கு எங்க போறது? பாத்து ஓட்டு” என்பார். இருபத்தைந்தாவது ஞாயிறு மழை. பாதி ஏற்றத்தில் மாரிக்குக் கால் வழுக்கியது. டப்... ஒரு தட்டு. சிங்காரம் ஓங்கி மிதித்தான். தண்ணீரை மிதித்த மாதிரி பெடல் தரைக்குப் போய்விட்டது. வண்டி பின்னால் உருண்டது. கை பிரேக்கை இழுத்தான்... அதற்குள் முடிந்துவிட்டது.

அந்தச் சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை.

கேஸ் எப்படியோ அமுங்கியது. அடுத்த வாரமே புதுப்பேட்டையிலிருந்து ரப்பர் வந்தது. விலை பதினொரு ரூபாய். கேட்டீர்களா... வெறும் பதினொரு ரூபாய்.

மாரியின் பெண்சாதி சொர்ணம், கைக்குழந்தையோடு மில்லுக்கு வந்து நின்றாள். உயிருக்கு விலை கேட்கவில்லை. தள்ளின கூலியைத்தான் கேட்டாள். சதாசிவம் சிரித்தாராம். “கடைசித் தள்ளுல வண்டி பாலமே ஏறலியேம்மா. வேலைய முடிக்காம கூலி கேட்டா எப்படி? உன் புருஷனை வந்து முடிச்சிட்டு வாங்கிக்கச் சொல்லு. மொத்தமா தரேன்.”

பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளையும் சிரித்தான். சிங்காரத்துக்கு அங்கேயே சாவியை விட்டெறிந்துவிட்டுப் போகலாம் என்று வந்தது. வீட்டில் ஐந்து வயிறு. எறியவில்லை. தன் சம்பளத்தில் பத்து ரூபாயை எடுத்துப்போய் அவளிடம் நீட்டினான். அவள் தொடவில்லை. “நீ இன்னாத்துக்குண்ணே குடுக்கிற? கடன்காரன் நீயா?”

ஒரு வருஷம் போயிற்று. அந்தப் பாலத்துப் பக்கம் வண்டி போகவே இல்லை. மூக்கனை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் வாங்குகிற ஆள் வரப்போகிறான். கடைசியாக ஒரு தடவை கடற்கரைக்குப் போய்வருவோம் என்று முதலாளியும் அவர் சம்சாரம் வசுமதியும் கிளம்பினார்கள். அந்த ராத்திரியைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு முதலாளி வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

“நம்ம கல்யாண ஊர்வலம் இதுலதான், ஞாபகமிருக்கா?”

“மாலை பூரா என் மூஞ்சிலயே அடிச்சிகிட்டு வந்துச்சு.”

“லதா பொறக்கறப்ப ஆஸ்பத்திரிக்கு... ராத்திரி ரெண்டு மணி. ஒரு வாட்டி மக்கர் பண்ணல பாரு. இருபது வருஷமா நம்மள ஒரு நாள் நடுவழியில விட்டதில்ல இது. ராசியான வண்டி. ஒரு எறும்பை நசுக்கினதில்ல.”

சிங்காரத்தின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. எறும்பா? இவர்களுடைய ஞாபகத்தில் கல்யாணம் இருக்கிறது, பிரசவம் இருக்கிறது, மாலை அடித்தது கூட இருக்கிறது. ஒரு மனுஷன் இல்லை. துடைத்துவிட்டார்கள், கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி.

வசுமதிதான் மெல்லச் சொன்னாள். “அந்தப் பாலத்துக்காரன்... பாவம்.”

“அவன் குடிச்சிருந்தான்” என்றார் முதலாளி.

மாரி குடிக்கவே மாட்டான்.

பாலம் வந்தது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு தடவை இருமியது... நின்றது. சிங்காரம் பிரேக்கை மிதித்தான். புது ரப்பர், பிடித்துக்கொண்டது. ஒரு சத்தமில்லை. கீழே கால்வாயில் தண்ணீர் நகர்கிற சத்தம் கூட இல்லை.

“தள்ள ஆளில்லீங்க” என்றான். “நீங்க எறங்கினாத்தான் உண்டு.”

“இன்னாடா, திமிரா? நான் தள்றதா?”

அப்போது வாடை வந்தது. கால்வாய்ச் சேறு. அதோடு பீடி.

டப்... டப்.

டிக்கியின் மேல் இரண்டு தட்டு.

சிங்காரம் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் இருட்டுதான்.

“ஆள் வந்துட்டான் பாரு. விடுறா பிரேக்கை” என்றார் முதலாளி.

விடமாட்டேன் என்றுதான் நினைத்தான். கால் தானாகத் தூக்கிக்கொண்டது. வண்டி ஏறியது. செத்த எஞ்சினோடு... அவ்வளவு கனமும்... ஒரு குலுக்கல் இல்லாமல், படகு மாதிரி ஏறியது. மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்கவில்லை.

உச்சி. டப். ஒரே ஒரு தட்டு.

சிங்காரம் நிறுத்தினான். இந்தத் தடவை பிரேக் பிடித்தது.

ஈரக்கால் நடக்கிற சத்தம். சளக்... சளக்... முதலாளியின் ஜன்னலோரம் வந்து நின்றது. அங்கே யாரும் இல்லை. வாடை மட்டும் நின்றது.

சிங்காரம் திரும்பாமலே சொன்னான். “முதலாளி... வேலை முடிஞ்சிட்ச்சி. குடுத்துடுங்க.”

அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஏதோ ஊர்க்காரன் என்று நினைத்துக்கொண்டார் போல. பழக்க தோஷம்... தலையை வெளியே நீட்டினார்.

“அடுத்த வாரம் சேத்து வாங்கிக்கடா.”

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை.

பிறகு பின்னாலிருந்து ஒரு சத்தம். க்ர்ர்ர்... ஈரக்கயிறு முறுகுகிற சத்தம். படகை இழுக்கத் தொடங்கும்போது வருமே, அது.

வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. சிங்காரத்தின் கால் பிரேக்கில் இருக்கிறது. பெடல் கல் மாதிரி நிற்கிறது. கை பிரேக்கையும் இழுத்தாயிற்று. சக்கரம் நாலும் சுற்றவில்லை... தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே போகிறது. நேராகவும் இல்லை. கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிற பக்கம், கால்வாயைப் பார்த்து... அவசரமில்லாமல், அடி அடியாக.

“நிறுத்துடா! நிறுத்துடா சிங்காரம்!”

“நானா இழுக்கிறேன்?” என்று கத்தினான் சிங்காரம். பத்து வருஷத்தில் முதலாளியிடம் அவன் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். “முடிச்சிட்டு வாங்கிக்கச் சொன்னது யாரு? நீதானே? முடிச்சிட்டான்யா! குடு!”

வசுமதி அலறினாள். “குடுத்துத் தொலைங்களேன்!”

முதலாளி மடியிலிருந்த பர்ஸை அப்படியே ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

அது கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கயிற்றுச் சத்தம் அறுந்தது. வண்டி நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் தண்ணீர். சிங்காரம் சாவியைத் திருகினான். சூடு ஆறாத அந்த எஞ்சின், புதுசு மாதிரி ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டு ஷெட்டுக்கு வந்துதான் வண்டியை நிறுத்தினான்.

ஷெட்டில் விளக்கைப் போட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். டிக்கியின் மேல் சேற்றில் இரண்டு உள்ளங்கை. இடது கையில் கட்டைவிரல் இல்லை. இரண்டு கைக்கும் நடுவில்... பர்ஸ். அவ்வளவு தூரம் குண்டும் குழியுமாகக் குலுங்கி வந்த வண்டி. பர்ஸ் நகரவில்லை.

முதலாளி எண்ணினார். இருநூறு ரூபாயில் முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு குறைந்தது. அதற்கு மேல் ஒரு பைசா குறையவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிங்காரம் சாவியை அவர் முன்னால் போட்டான். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சொர்ணத்தின் குடிசைக்குப் போனான். அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“சொர்ணம்... மாரி கூலி...”

“ராத்திரியே வந்துட்ச்சிண்ணே.”

“யாரு குடுத்தது?”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கதவு ரெண்டு தட்டு தட்டுச்சி. தொறந்தா ஆளு இல்ல. இருட்டுலேர்ந்து கை மட்டும் நீட்டிகினு இருந்திச்சி.”

“பயந்துக்கலியா நீ?”

“இன்னாத்துக்குப் பயப்படறது? கட்ட வெரலு இல்லாத கை. எனக்குத் தெரியாதா?” ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஊதினாள். “சோறு துன்னியான்னு கேட்டேன்... பதிலில்ல. காசை என் கையில வச்சிட்டு, உள்ளங்கையில ஒரே ஒரு தட்டு தட்டிச்சி. அவ்ளோதான். பூட்ச்சி.”

அவள் கையை விரித்துக் காட்டினாள். வெயில் ஏறி, அடுப்பும் எரிகிறது. அவள் உள்ளங்கையில் நாலு விரல் சேறு... இன்னும் ஈரமாக இருந்தது.