கதிரையை விட்டு எழுப்பிய சேதுராமன் மாஸ்டர்

மேடையிலே அமர்ந்திருக்கும் வாசிகசாலைத் தலைவர் கஜேந்திரன் ஐயா அவர்களே, மாஸ்டரின் துணைவியார் பாலாம்பிகை அக்கா அவர்களே, புசல்லாவையிலிருந்தும் பிலிமத்தலாவையிலிருந்தும் இந்த மழையிலும் கம்பளைக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் அரிசிக்கடை பஹீமின் வணக்கமும் ஸலாமும்.

நமது தேகப்பயிற்சி ஆசான் சேதுராமன் மாஸ்டர் சென்ற வாரம் நித்திரையிலேயே போய்விட்டார். நகரசபையில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பின்னேரங்களில் வகுப்பு நடத்த இந்த வாசிகசாலை மண்டபத்துக்கு அவர் என்ன கொண்டுவந்தார்? ஒரு டம்பல் உண்டா? ஒரு இரும்புத் துண்டு உண்டா? வெறுங்கையோடு வந்தார், வெறுங்கையோடே நமக்கெல்லாம் பலம் தந்தார்!

நான் இளவயதிலிருந்தே மூட்டை தூக்கியவன். ஆனாலும் பள்ளிவாசலில் நெற்றி நிலத்தில் பட சுஜூதுக்குப் போனால் எழும்ப ஏலாது. முழங்கால் கைவிட்டுவிட்டது. பின்வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்துதான் தொழுதேன். "மூட்டைய தூக்கத் தெரிஞ்ச ஒங்களுக்கு ஒங்க தொடைய இறுக்கத் தெரியலையே மொதலாளி!" என்றார் மாஸ்டர். கடையில் உட்கார்ந்தபடியே செய்யச் சொன்னார். தொடையை மட்டும் இறுக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது, பிறகு மெல்லத் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான்!

அவ்வளவுதானா? நானோ தொடையோடு சேர்த்துப் பல்லையும் கடித்தேன், கழுத்தையும் முறுக்கினேன். அந்த நேரம் பார்த்துச் சம்பா அரிசிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த வடிவம்மா பயந்துபோய், "ஏன் மொதலாளி இப்புடி கோவிச்சுக்கிறீங்க? நீங்க சொன்ன வெலைக்கே தாங்க" என்று பையை நீட்டிவிட்டார்! மாஸ்டரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு தசை வேல செய்யிறப்போ மத்ததெல்லாம் சும்மா இருக்கணும். நீங்க ஊரையே கூட்டிட்டீங்களே!" என்றார். வடிவம்மாவுக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கவும் சொன்னார். கொடுத்தேன். சிரியுங்கள், சபையோரே! நாம் உம்மென்று உட்கார்ந்திருந்தால் அவருக்கே பிடிக்காது.

இன்று நான் முதல் ஸப்பில், முன்வரிசையிலேயே நின்று தொழுகிறேன், அல்ஹம்துலில்லாஹ்! அந்த மனிதருக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

ஆனால் ஒரு விஷயம் மட்டும் என்னைக் கொதிக்க வைக்கிறது. "மாஸ்டர் இல்லாத வகுப்பு எதுக்கு? மண்டபத்த வாடகைக்குக் கேக்குறாங்க, பெரிய பெரிய தேகப்பயிற்சி மெஷின் வைக்கிறாங்களாம்" என்றார் தலைவர் ஐயா. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் இது அடுக்குமா? மரண வீட்டில் பாலாம்பிகை அக்கா என்னிடம், "அவருக்காக அழுது முடிச்சிட்டேன் தம்பி. அவரு பக்கத்துல நின்னு அந்தப் பயிற்சிய செஞ்சே பழகிட்டேன். வகுப்பும் போச்சுன்னா பின்னேரத்துல நான் எங்க போவேன்?" என்று கேட்டார். நம் வகுப்பில் பழகிய றம்லத் டீச்சர்தான் முன்னால் வந்தார். "நான் படிச்சுக் குடுக்கிறேன், பஹீம் நானா. பிழை வந்தா அக்கா திருத்துவாங்க" என்றார்.

ஆகவே சேதுராமன் மாஸ்டரின் பெயரால் உறுதி சொல்கிறோம்: வகுப்பு நிற்காது! நிற்கவும் விடமாட்டோம்! தலைவர் அவர்களே, மண்டபத்துப் பூட்டின் திறப்பு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதை இன்று வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தச் சபையின் முன்னாலேயே அக்காவின் கையில் கொடுங்கள். திங்கட்கிழமை பின்னேரம் அவர் கதவைத் திறப்பார், நாங்கள் வருவோம்.