இன்னும் ஒரு கரண்டி

விஷமெல்லாம் இல்லைங்க நர்ஸம்மா, வெறும் குழம்புதான். நானே வச்சது. எங்க வீட்டுக்காரரைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதாம்பாரு, அது வேற விஷயம்.

எத்தனை கரண்டியா? யாரு எண்ணினா. இந்தப் பெரியவர் தட்டு காலியாக ஆக நான் பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருந்தேன். போதும்னு சொன்னாரு, சொல்லாம என்ன. நம்மாளுங்க போதும்னா நாம என்னைக்கு நிறுத்தியிருக்கோம்? உங்க வீட்டுல நிறுத்துவீங்களா? பாத்தீங்களா, நீங்களே சிரிக்கிறீங்க. இவரு நாட்டுல வேற மாதிரியாம். தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வச்சாலும் சமைச்சவங்களை அவமானப்படுத்தின மாதிரியாம். இவரைக் கைத்தாங்கலா இங்க கூட்டிட்டு வர்றப்பதான் என் பொண்ணு சொன்னா. நான் ஊத்த, இவரு வழிக்க, நான் ஊத்த... ஒரு கூட்டமே கூடிருச்சு. இதுதான் எங்க சம்பிரதாயம்னு நெனச்சு கை வேற தட்டினாங்க.

நானா, பெரிய சமையல்காரியா? நல்லாக் கேட்டீங்க. சொந்தக்காரங்க விசேஷத்துல என்னைத் தண்ணி ஊத்தத்தான் விடுவாங்க, அடுப்புப் பக்கமே சேக்க மாட்டாங்க. பொண்ணு ஆபீஸ்ல இந்த விழா. ஒவ்வொரு நாட்டுக்காரங்களும் அவங்கவங்க சாப்பாட்டை வச்சு, பழக்கவழக்கத்தைச் சொல்லணுமாம். நீயும் ஒரு மேஜை போடும்மான்னா. அடுத்த மேஜை யாருதுன்னு கேட்டப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. கூட வேலை பாக்குற பையனாம், அவனைத்தான் கட்டிக்குவாளாம். அவனோட அப்பாதான் இதோ படுத்திருக்கிறவரு. ஒரு தடவை பாரும்மா, பாத்துட்டு வேண்டாம்னா விட்டுடுறேன்னா.

வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன், உங்ககிட்ட என்ன ஒளிவுமறைவு. ஏதாவது குறை கிடைக்காதான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நின்னேன். சாப்பாட்டை ஒதுக்கி வச்சார்னு வையுங்க, நம்ம சோத்தை மதிக்காத வீட்டுக்கா பொண்ணு குடுக்கிறதுன்னு ஒரே பேச்சா முடிச்சிருப்பேன். மனுஷன் ஒதுக்கவே இல்லையே. கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிச்சுக்கிட்டே வழிச்சு வழிச்சு வாயில போடுறாரு. எனக்கே பாவமாப் போச்சு. அப்பவும் கை நிக்கலை பாருங்க.

போதும்னு சொல்ல இவருக்கு எப்படித் தெரியும்னா? என் பொண்ணுதான் சொல்லிக்குடுத்திருக்கா. அம்மாகிட்ட அது எடுபடாதுன்னு சொல்ல மறந்துட்டா.

காரமா? காரமெல்லாம் அளவுதாங்க. உப்புதான். ரெண்டு தடவை விழுந்துருச்சு. முதல் தடவை கைதவறி. அது எனக்கு வழக்கம்தான்.

ரெண்டாவது தடவையா... இவரு தட்டும் கையுமா என் மேஜைப் பக்கம் வர்றதைப் பாத்தேன். ஒரு கை அள்ளிப் போட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க நர்ஸம்மா. அந்த டம்ளரை இப்படிக் குடுங்க, சம்பந்திக்கு நானே தண்ணி குடுக்கிறேன். போதும்னு சொன்னா நிறுத்திடுறேன்.