மூன்றாம் பத்தியில் ஒரு திருத்தம்

லதா, என் பணி ஓய்வு மலருக்கு நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடங்களில் ஒற்று மிகாது, பென்சிலால் குறித்திருக்கிறேன். மூன்றாம் பத்தியில் மட்டும் ஒரு பொருட்பிழை இருக்கிறது.

"தங்கை கணவர் விசாரணையின்றிச் சிறையில் வாடியதைக் கண்ட வேதனையே, பேராசிரியர் வீரணனை அரசியலமைப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவை நோக்கித் திருப்பியது" என்று எழுதியிருக்கிறாய். வாக்கியம் அழகாகத்தான் இருக்கிறது. வரிசை மாறிவிட்டது. பிரிவு முதலில் வந்தது. உன் அப்பா பிறகு வந்தார்.

நீ சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாய். எது முதலில் நடந்தது என்பது எவ்வளவு முக்கியம் என்று உனக்கே தெரியும். ஆகவே முழுவதையும் எழுதித் தருகிறேன்.

ஆசிரியப் பணிக்கு வருமுன் உத்தமபாளையம் நீதிமன்றத்தில் கொஞ்ச காலம் ஜூனியராக இருந்தேன். சாட்சி சொன்னதை எழுதி, கடைசியில் "வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று போட்டுக் கைநாட்டு வாங்குவார்கள். ஒருநாள் ஒரு விவசாயச் சம்சாரி கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "ஐயா, இப்ப நான் எதுக்குச் சரின்னு சொன்னேன்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

1961இல் மதுரைக்கு விரிவுரையாளராக வந்தேன். என் ஆய்வு அந்தக் கேள்வியின் மேல்தான். தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது நீ குறிப்பிட்ட அந்தப் பிரிவு. அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கின்றன நீதிமன்றங்கள். நான் ஒரு படி மேலே போனேன். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கடமலைக்குண்டுக்காரனுக்கு ஆபீஸ் தமிழ் தாய்மொழி அல்ல. அதில் சொன்னால் சொன்னதாகாது. இருபது வருடம் இதை எழுதினேன், பேசினேன். எந்த நீதிபதியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியர் அறையில் ஒப்பந்தச் சட்டம் நடத்தும் ராஜமணி மட்டும் தவறாமல் விசாரிப்பார்.

"என்ன சார், உங்க கொள்கைக்கு இன்னும் ஒரு கைதி கிடைக்கலையா? பொண்ணு பாக்குற மாதிரில்ல வருசக்கணக்காப் பாக்குறீக!"

அவர் சொன்னது நியாயம். அறுவைச் சிகிச்சை கண்டுபிடித்தவனுக்கு நோயாளி வேண்டும்.

1983, மாசி மாதம். கல்லூரியில் விடுப்பு எடுத்து உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். உன் அப்பா சுருளியாண்டி தேனிச் சந்தைக்குப் போயிருந்தார். போலீஸ் ஜீப் வந்தது. உங்கள் மலைத்தோப்பில் இலவ மரங்களுக்கு நடுவே கஞ்சாச் செடி. இன்ஸ்பெக்டர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். உன் அம்மாவிடம் யார் நட்டது என்று கேட்டார்.

"அவுகதான் சார் நட்டுட்டுப் போனாக" என்றாள் அன்னத்தாய்.

"அவுகன்னா யாரு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"பேரச் சொல்லும்மா."

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இந்த ஊர்க்காரர். லா புரொபசர் வேற. இவங்க யாரைச் சொல்றாங்க?"

நான் இரண்டு வாக்கியம் சொன்னேன். "எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அவுக என்றுதான் சொல்வார்கள்."

இரண்டும் உண்மை. எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். அவற்றைச் சொன்னபோது உன் அம்மா உள்ளே ஜீப்காரர்களுக்கு மோர் எடுக்கப் போயிருந்தாள்.

சாயங்காலம் சந்தையிலிருந்து வந்த உன் அப்பாவைப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தடுப்புக் காவல் ஆணை வந்தது. ஒரு வருடம், விசாரணை கிடையாது.

சிறையில் அவரைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், ஏதுக்கள் ஏதுக்கள்னு போட்டு என்னத்தையோ குடுத்திருக்காக. ஒருக்கா கடகடன்னு வாசிச்சாக, கைநாட்டு வாங்கிட்டாக. நம்மூர்ல 'ஏது'ன்னா எங்கன இருந்து வந்துச்சுன்னு கேக்குறது. இவுக என்கிட்டயே கேக்குறாகளா, சொல்றாகளா?"

நல்ல கேள்வி. காரணங்கள் என்பதற்கு ஆபீஸ் தமிழ் ஏதுக்கள். அவர் கேட்டதை அப்படியே ஆட்கொணர்வு மனுவில் சேர்த்தேன்.

"கஞ்சாங்கிறாக. நான் நடல மச்சான், ஒங்களுக்கே தெரியும். நான் நட்டேன்னு சொன்னது யாரு? அத மட்டும் இதுல படிச்சுச் சொல்லுங்க. ராத்திரியெல்லாம் ஊர்ல ஒவ்வொருத்தனா நெனச்சுப் பாக்குறேன்."

இரண்டாவது தாளில் இருந்தது: "அன்னாரின் மனைவியே ஒப்புக்கொண்டுள்ளவாறு." நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். இலவங்காய் வெடிக்கத் தொடங்கிவிட்டது, அன்னம் ஆள் வைத்துப் பறிக்கிறாள் என்று சொன்னேன். பொறுமையாக இரு மாப்பிள்ளை என்றேன்.

ஆசிரியராக இருப்பவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஆகவே என் பழைய மாணவன் சண்முகராஜ் வாதாடினான். மனுவை எழுதிக் கொடுத்தது நான். அவன் நல்ல பையன். ஒருமுறை கேட்டான்: "சார், நீங்கதான் போய்ப் பாக்குறீகளே. இதுல என்ன இருக்குன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொன்னா, அந்த மனுசன் நிம்மதியாத் தூங்குவாருல்ல?"

"சொன்னால் புரிந்துவிடும்" என்றேன்.

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். ஆனால் யோசித்துப் பார். புரிந்துகொண்ட கைதியை வைத்து அந்த வழக்கை நடத்த முடியாது. எனக்குச் சுத்தமான வழக்கு வேண்டியிருந்தது. மாசியில் தொடங்கி ஐப்பசி வரை அதைச் சுத்தமாகவே வைத்திருந்தேன். போகும்போதெல்லாம் அவர் அதே கேள்வியைக் கேட்டார். ஆடிக்குப் பிறகு கேட்பதை நிறுத்தி, என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி அவரை நேரில் வரவழைத்தார். தமிழ் தெரிந்த மனிதருக்குத் தமிழில்தானே கொடுத்தோம் என்றது அரசுத் தரப்பு. நீதிபதி அவரிடமே கேட்டார், உள்ளே இருப்பது எதனால் என்று தெரியுமா என்று.

"கஞ்சாங்கிறாக சாமி. நான் நட்டேன்னு யாரு சொன்னா, என்னத்தப் பாத்துட்டுச் சொன்னாகன்னு ஒருத்தரும் சொல்லல. எங்க மச்சான் படிச்சவரு. அவரும் சொல்லல. அவருக்கே வெளங்கல போல."

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சாட்சியத்தை நான் கேட்டதில்லை. ஆணை ரத்தானது. தீர்ப்பில் என் ஆய்வேட்டின் வாக்கியம் ஒன்று அப்படியே இருந்தது. "ஆளு கிடைச்சிட்டாரு போல சார்" என்று ராஜமணி எனக்கு மாலை போட்டார். அடுத்த வருடம் பேராசிரியர் பதவி வந்தது. நீ இப்போது வகுப்பில் படிக்கும் வழக்கு அதுதான்.

விடுதலையான அன்று மதுரையில் நாங்கள் இருவரும் தேனி பஸ் ஏறினோம். உசிலம்பட்டி தாண்டியதும் உன் அப்பா கேட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க மச்சான். யாரு சொன்னா?"

வழக்கு முடிந்துவிட்டது. இனி மறைப்பது முறையல்ல. அந்தக் காகிதக் கட்டை வாங்கி, ஒவ்வொரு வாக்கியமாக, அவர் பேசும் தமிழிலேயே சொன்னேன். மிகத் தெளிவாகச் சொன்னேன்.

"ஒம் பொண்டாட்டிதான் சொல்லியிருக்கா மாப்ள. நீதான் நட்டேன்னு."

என் இரண்டு வாக்கியங்கள் அந்த ஆவணத்தில் இல்லை. இல்லாததை நான் சேர்க்கவில்லை.

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "அன்னமா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். ஆண்டிபட்டியில் டீ குடிக்கப் பஸ் நின்றது. இறங்கிப் போனவர் திரும்பவில்லை. வைகை அணையில் கிடைத்தார். சிறை அவரை உடைத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய்.

உன் அம்மா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "எங்க அண்ணே மட்டும் இல்லேன்னா அவுக ஜெயிலுக்குள்ளயே செத்திருப்பாக." அவள் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது.

முழுமைக்காக இன்னொன்று. போலீஸ் வந்த அன்று காலை, சந்தைக்குக் கிளம்புமுன் உன் அப்பா என்னிடம் யோசனை கேட்டிருந்தார். "மலைத்தோப்புல அந்த ஏவாரி ஆளுக வந்து கஞ்சா வச்சுட்டுப் போயிருக்காக மச்சான். பிடுங்குனா வீட்டோட கொளுத்திருவோம்னு அன்னத்துகிட்டச் சொல்லியிருக்காக. பேரச் சொன்னா ஒம் மக பள்ளிக்கூடம் போய் வர மாட்டான்னும் சொன்னாகளாம். சட்டத்துல இதுக்கு என்ன வழி?" நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சந்தைக்குப் போ என்றேன். அவர் போனதும் கடைத்தெருவுக்கு நடந்துபோய்ப் போலீசுக்குப் போன் செய்தேன். தோப்பு எங்கே என்று சொன்னேன். அந்த வியாபாரியைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆகவே அன்னம் 'அவுக' என்றபோது யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பயத்தில் கொடுத்த மரியாதை அது. அவள் பெயரை விழுங்கியது உனக்காக.

மூன்றாம் பத்தியை இதன்படி மாற்றிவிடு. உன்னைப் படிக்க வைத்ததைப் பற்றி நாலாம் பத்தியில் எழுதியிருப்பது சரி, அப்படியே இருக்கட்டும்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டாதே. நான் எழுத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன், அவளுக்குப் புரியாது.