கல்குட்டைமேட்டுக் கதவுகளைத் திறக்கவைத்த குரலுக்கு

கண்டிப்பிலும் கனிவு குறையாத கல்வித் தாயே! பிள்ளைகளின் பெயரோடு அவர்கள் வீட்டுக் கவலையையும் நினைவில் வைத்த நெஞ்சமே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமையாசிரியை திருமதி ரோஸி அம்மையீர்! வணக்கம்.

இனி வருவதை உங்கள் முகம் பார்த்து வாசித்தால், "போதும், நிறுத்துங்கப்பா" என்று மைக்கைப் பிடுங்கிவிடுவீர்கள். ஆகையால் வேறு யாரோ ஒரு ரோஸி டீச்சரின் கதை என்று எண்ணிச் சற்றே அமர்ந்திருங்கள்.

வெள்ளானூருக்கு அப்பால், கருங்கல் குவாரியின் விளிம்பிலே பிறந்தது கல்குட்டைமேடு. வெயிலில் வெந்து, வேட்டுச் சத்தத்தில் விதிர்விதிர்த்து, வியர்வையால் வீடு கட்டிய மக்கள்! விசில் ஊதினால் பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று பொருள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்த வேண்டும். வெளியே நின்றால் மண்டையில் கல் விழும். "வேட்டு முடிஞ்சிச்சி! வெளிய வா!" என்று மேஸ்திரி கூவும்வரை ஒருவரும் தலை நீட்டமாட்டார்கள்.

அந்த மேஸ்திரிதான் ரோஸியின் அப்பா பால்ராஜ். ஒருநாள் அவர் கூவிய பிறகு, வெடிக்காமல் கிடந்த ஒரு வேட்டு வெடித்தது. அவர் சொல்லை நம்பி வெளியே வந்த இருவர் செத்துப்போனார்கள். குவாரி மூடி, குழியில் தண்ணீர் நிறைந்து, பால்ராஜும் மண்ணுக்குள் போன பின்னும், அந்தக் கூவலை ரோஸி ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், குழியோரத்துக் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் தரை பிளந்தது. பார்த்தவர் நம் விளையாட்டு ஆசிரியர் உதயகுமார். திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வருகிறவருக்குக் குவாரிக் கதை எங்கே தெரியும்? எல்லாரையும் வெளியே வரவழைக்க மூச்சைக் கட்டி விசில் ஊதினார். ஐயோ! அத்தனை பேரும் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்! குவாரி மூடினாலும் விசில் கேட்டால் உள்ளே ஓடும் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை. "வேட்டு வெக்கிறாங்கோ சார், நீயும் உள்ள வந்துடு!" என்று அவரையே கூப்பிட்டாள் அந்த வரிசைத் தாயம்மாள்.

நனைந்துகொண்டே ஓடிவந்த ரோஸி கதவு கதவாகத் தட்டினார். "தாயம்மா, நான் டீச்சர்! தரை பொளந்துகினு கீது, வெளிய வா!"

"மேஸ்திரி இன்னும் சொல்லல டீச்சர்!"

காலுக்கடியில் மண் நெகிழ்ந்தது. எந்தச் சொல்லுக்குக் கதவு திறக்கும் என்று ரோஸிக்குத் தெரியும். ஆனால் ஆபத்து முடியவில்லையே! நம்பி வருகிறவர்கள் நடுவழியில் புதைந்தால்? அப்பாவைப் போலத் தானும் கூப்பிட்டுக் கொன்றவள் ஆகிவிட்டால்? ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியதாம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பாவின் இழுப்பிலேயே கூவினார்: "வேட்டு முடிஞ்சிச்சி! வெளிய வா!"

கதவுகள் திறந்தன. கைக்குழந்தையோடும் கிழவர்களோடும் மக்கள் பள்ளிக்கு ஓடினார்கள். தாயம்மாள் சோற்றுப் பானையோடு கடைசியாக வந்தாள். அவள் பள்ளி வாசலை மிதித்ததும் பின்னால் அந்த வரிசையே தண்ணீருக்குள் சரிந்தது.

வந்தவர்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ரோஸி அழுதார். "பொய் சொல்லிக் கூப்ட்டேன் சார்" என்று உதயகுமாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மையீர்! அந்தப் பொய்யால் உயிரோடிருப்பவர்கள் இதோ இந்த மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். மீதி வீடுகளோ இன்னும் அதே விளிம்பில்தான் நிற்கின்றன. மாற்று இடம் தருவதாகச் சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த மாதம் மழை தொடங்கிவிடும். எங்களில் எவர் கூவினாலும் அந்தக் கதவுகள் திறக்காது. ஒத்திகையில் நாங்கள் கூவிப் பார்த்துவிட்டோம்; அந்த இழுப்பு எங்களுக்கு வரவில்லை.

நோயின்றி, நூறாண்டு, பேரப்பிள்ளைகள் சூழ வாழ்க! மகள் வீட்டோடு பூந்தமல்லியில் நிம்மதியாக ஓய்வெடுங்கள். மழை நாளில் மட்டும், அம்மா, போனை அணைத்துவிடாதீர்கள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

என்றும் உங்கள் அன்பை மறவாத
ஆசிரியர்கள், அலுவலர்கள், சத்துணவுப் பணியாளர்கள்
நடுநிலைப் பள்ளி, கல்குட்டைமேடு