தெருவைப் பூட்டுங்கள், பிள்ளைகளைத் திறந்துவிடுங்கள்!

முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஒரு நாற்காலியில் தாமும் மறு நாற்காலியில் தம் காலுமாகத் தலைமை வகிக்கும் எங்கள் தெருத் தலைவி ஒடெசா அம்மையார் அவர்களே! பிலடெல்பியாவின் வெயிலை விசிறியால் விரட்டியபடி இந்தத் தேவாலயக் கூடத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்றால் சீக்கிரம் நழுவலாம் என்று நம்பும் தந்தைமார்களே! பின்வரிசையில் பழ ஐஸ் வழிய வழியக் கும்மாளமிடும் என் குட்டிப் பட்டாளமே! ஏழாம் வகுப்பு முடித்த கியானா, வணங்குகிறேன்.

சிரிக்காதீர்கள். ஆள்தான் சிறிது, குரல் சிறிதல்ல!

பள்ளி மூடி ஒரு வாரம். என் தம்பி டேவியன் என்ன ஆனான் தெரியுமா? சோபா ஆனான்! எது சோபா, எது தம்பி என்று தெரியாமல் நேற்று அம்மா அவன்மேல் துணி மடித்து வைத்தார். "அக்கா, ரிமோட்டை எடுத்துக் குடேன்" என்றான். ரிமோட் எங்கே? அவன் வயிற்றின்மேல்!

"உன் மேலதானேடா இருக்கு?"

"கையத் தூக்கணுமேக்கா!"

ஓடாத கால் எதற்கு? வியர்க்காத கோடை எதற்கு? ஒன்பது வயதிலேயே அவனுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "மருந்து வேணாம், வெளிய விடுங்க" என்றார் மருத்துவர். விட்டோம். பந்து உருண்டது, பின்னால் டேவியன், எதிரே பொட்டலம் கொண்டுவரும் வண்டி! பிரேக் அலறிய அலறலில் அம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தார். ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு பூட்டு. வெளியே வண்டி, உள்ளே சோபா! எங்கே போவோம் நாங்கள்?

வழி இருக்கிறது, அவையோரே! பிள்ளைகள் விளையாடுவதற்காக, கோடையில் பகல் முழுக்கத் தெருமுனையில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்த மாநகராட்சி அனுமதிக்கிறது. கேட்பது ஒன்றே ஒன்று: கயிற்றருகே ஒரு பெரியவர். இத்தனை ஆண்டுகள் ஒடெசா அம்மையார் நின்றார். இந்த ஆண்டு அவர் முட்டி நிற்காது. இன்றைக்குள் ஆள் சொல்லாவிட்டால் கயிறும் இல்லை, களிப்பும் இல்லை. யார் வருவீர்கள்?

ஏன் எல்லோரும் கூரையைப் பார்க்கிறீர்கள்? அங்கே ஆள் இல்லை!

என்ன, வெண்டெல் ஐயா? "ஏம்மா, என் கார எங்க கொண்டுபோய் நிறுத்துறது? எடம் போனா போனதுதான்!" என்கிறீர்களா? பனிக்காலத்தில் காரை எடுத்தபோது, வேறு யாரும் நிறுத்தாமலிருக்க அந்த இடத்தில் எதை வைத்தீர்கள்? மடக்கு நாற்காலியை! அதைத் தொட ஒருவருக்காவது துணிச்சல் வந்ததா? வெறும் நாற்காலிக்கே அத்தனை அதிகாரம் என்றால், அதில் நீங்களே அமர்ந்தால்? காருக்கு இடம் பிடிக்கத் தெரிந்த வில்மர் தெருவே, கண்மணிகளுக்கு இடம் பிடிக்கத் தெரியாதா? இரும்புக்கு நாற்காலி உண்டு, எங்கள் எலும்புக்கு இல்லையா?

அடடே, எழுந்துவிட்டாரே!

"சரி சரி, கத்தாத. திங்கக்கெழமை நான் உக்காருறேன். ஆனா புள்ளைங்களோட சேந்து நானும் கயிறு தாண்டி வெளையாடுவேன்!"

"வெண்டெலு, இன்னொரு முட்டிய இந்தத் தெரு தாங்காதுப்பா!" என்கிறார் நம் தலைவி.

"செவ்வாக்கெழமை நான்!"

யார் அது? அம்மா! கதவைப் பூட்டிய அதே கை உயர்ந்திருக்கிறது!

புதன்... வியாழன்... மெதுவாக, மெதுவாக! கைகள் அதிகம், கிழமைகள் குறைவு!

எழுந்த கால்களுக்கும் உயர்ந்த கைகளுக்கும் கோடி நன்றி. இன்னும் நிறையப் பேச வைத்திருந்தேன், ஆனால் வெளியே இன்னும் வெயில் மிச்சமிருக்கிறது. வாருங்கள், கயிற்றைத் தேடுவோம். வணக்கம்!