மேட்டில் இழுக்காத கார்

பஸ்ஸில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஓவேலியிலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில், பாதி வழியில் கைகாட்டி ஏறியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்தார். மறுமுனையில் மெக்கானிக்.

"ஏனுங்க, வொர்க்‌ஷாப்புக்குத்தான் வந்துட்டிருக்கேன். கார் மேட்டுல இழுக்கவே இல்லைங்க. அழுகுன முட்டை நாத்தம். குனிஞ்சு பார்த்தா அடியில கனலாட்டம் செவந்து கெடக்குது."

"புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சிருக்குதுங்க. புகை போக வழியில்லாம சூடேறுது. புதுசுதான் மாத்தணும். இன்ஜினை நிறுத்திட்டீங்கல்ல?"

"இல்லைங்க. நிறுத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆகாதோன்னு ஓடவிட்டுட்டு வந்துட்டேன்."

"எங்க நிக்குது?"

"ரோட்டோரமா, புல்லு மேல."

"காஞ்ச புல்லுங்களா?"



"ஆமாங்க."

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"சம்சாரம் இருக்குதுங்க. யானை நடமாட்டம் இருக்குது, என்ன ஆனாலும் கதவைத் தொறக்காதேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"உடனே போன் பண்ணி எறங்கச் சொல்லுங்க."

"என்ற போன்ல சார்ஜ் இல்லைங்க," என்றார் அவர். "அவ போன்லதான் பேசிட்டிருக்கேன்."