வெள்ளைக் கண்ட்ரோலரைத் தொட்ட கை

— சும்மாதான் கேட்கிறேன். உங்க வெள்ளைக் கேம் கண்ட்ரோலரை யாரு தொட்டது?

— யாரு தொடுவா? நான்தான். நீ கடைக்குக் கிளம்பலையா?

— கடை ஷட்டர் பாதியில சிக்கிக்கிட்டு நிக்குது. சரிபண்ற ஆளு நாளைக்குத்தான் வருவாராம். ஃபோன்லயே சொன்னேனே, காதுல விழலையா?

— விழுந்துச்சு. அதாவது, குனிஞ்சு உள்ள போயிட்டா வேலை பார்க்கலாமேன்னு ஒரு யோசனை.

— குனிஞ்சு போயி இருட்டுல உக்காந்து எதை ரிப்பேர் பண்றது? ரிப்பேருக்கு வந்த கண்ட்ரோலரையெல்லாம் வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டேன். மேசையில பரப்பி வெச்சிருக்கேன் பாருங்க. அதுங்களோட சேர்த்து உங்க வெள்ளையையும் துடைச்சு வெக்கலாம்னு எடுத்தேன். எடுத்தது தப்பா?

— தப்பில்லம்மா. அதை மட்டும் விட்டுடு, நான் துடைச்சுக்கறேன்.

— ஏன்?

— சும்மா.

— 'சும்மா'ங்கறது என் வார்த்தை. உங்க வார்த்தை 'அதாவது'. வார்த்தை மாறிப்போற அளவுக்கு என்ன நடந்துச்சு?

— ஒண்ணும் நடக்கல.

— அப்ப இப்படி வந்து உக்காருங்க. இந்தக் கையில என்னோட கறுப்பு. இந்தக் கையில உங்க வெள்ளை. கறுப்புல ரெண்டு ஸ்டிக்கும் கீழே பக்கத்துப் பக்கத்துல இருக்கு, கல்யாண ஃபோட்டோவுக்கு நிக்கிற மாதிரி. வெள்ளையில ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே. சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு மூலையில உக்காந்த மாதிரி.

— இடது கட்டைவிரல் தானா எங்க போயி விழுதோ அங்க ஸ்டிக் இருக்கணும். அதுக்காக மேலே வெச்சிருக்கான். அது உனக்கும் தெரிஞ்சதுதானே.

— தெரிஞ்சதைத்தான் சொல்றேன். கறுப்பு ஒல்லி, லேசு, கொஞ்சம் வேர்த்தா வழுக்கும். வெள்ளை குண்டு, பின்னாடி ரெண்டு பென்சில் பேட்டரி, கனம். 'உன் கறுப்பைப் பிடிச்சா எலும்பைப் பிடிச்ச மாதிரி இருக்கு'ன்னு சொன்னது யாரு?

— நான்தான் சொன்னேன்.

— அப்ப என் கறுப்பு ஏன் உங்க விரல் பட்டுத் தேஞ்சிருக்கு?

— தேஞ்சிருக்கா?

— ஆள்காட்டி விரல் அழுத்துற வலது ட்ரிக்கரோட மூலையைத் தொட்டுப் பாருங்க. மழமழன்னு இருக்கு. நான் நடுவுல அழுத்துறவ. மூலையில அழுத்துறது நீங்க. காலமெல்லாம் ஊர்க்காரங்க கண்ட்ரோலரைப் பார்த்து யாரு எங்க அழுத்துறாங்கன்னு சொல்றவளுக்கு, சொந்தப் புருஷன் விரல் தெரியாதா? ஆக, நீங்க கறுப்பைப் பிடிச்சுக்கிட்டு விளையாடியிருக்கீங்க. வெள்ளையைப் பக்கத்துல உக்காந்த யாருக்கோ கொடுத்திருக்கீங்க.

— ரிப்பேருக்குக் கொடுக்க வந்தவங்க யாராவது ஒரு தடவை போட்டுப் பார்த்திருப்பாங்க.

— ரிப்பேருக்கு வர்றவங்க கடைக்கு வருவாங்க. வீட்டு சோஃபாவுக்கு வரமாட்டாங்க. அதுவும் ஒரு தடவையா இது? இந்த வெள்ளையோட ஸ்டிக் ரப்பரை நான்தான் புதுசா மாட்டிக் கொடுத்தேன். இப்ப ஒரே பக்கமா அரைச்சுக் கிடக்கு. உங்க கட்டைவிரல் பஞ்சு. உங்க ரப்பர் வருஷக்கணக்கா வரும். இது வேற தோல். திரும்பத் திரும்ப வந்து உக்காந்து, சாவகாசமா விளையாடின தோல்.

— நீ டீ குடிச்சியா? போட்டுத் தரட்டுமா?

— டீயா? அதுவும் ஞாபகம் வருது. போன வாரம் நான் வந்தப்ப கழுவி வெச்ச டம்ளர் ரெண்டு கவிழ்ந்திருந்துச்சு. நீங்க ஒருத்தர் எத்தனை டம்ளர்ல குடிப்பீங்க?

— அதாவது...

— விடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்கு எப்பவாவது இந்த வெள்ளையைக் கொடுத்திருக்கீங்களா?

— நீ கேட்டதில்லையே.

— கேட்டேன். கல்யாணமான புதுசுல கேட்டேன். 'எனக்குக் கை பழகிடுச்சும்மா, வேற கை பட்டா ஸ்டிக் கோணிடும்'னு சொன்னீங்க. பொண்டாட்டி கை பட்டாக் கோணுமாம். அவ கை பட்டாக் கோணாதாம்.

— எவ கை?

— அதைத்தான் சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன். ட்ரிக்கரையும் சொல்றேன் கேளுங்க. கறுப்புல தொட்டவுடனே டக்குனு போயி முட்டும். ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அது போதும். வெள்ளையில அப்படி இல்ல. ஆழமா, அழுத்த அழுத்த உள்ள போயிட்டே இருக்கும். ரேஸ்ல வண்டியை மெதுமெதுவா நகர்த்தலாம். ஓட்டத் தெரியாதவளுக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

— நீயா ஏதேதோ கட்டிக்கிட்டே போற.

— அதிர்றதும் அப்படித்தான். என்னோடது கொசு காதுக்கிட்ட வந்துட்டுப் போற மாதிரி. உங்களோடது உள்ளங்கையையே குலுக்கி எடுக்கும். வண்டி போயி முட்டியிருக்கும். அவ பயந்து உங்க தோளைப் பிடிச்சிருப்பா.

— தோளையா?

— எதுக்குச் சிரிக்கிறீங்க?

— சிரிக்கலம்மா. தோளைப் பிடிக்கிறதை நினைச்சுப் பார்த்தேன், வந்துடுச்சு.

— நினைச்சுப் பார்த்து சந்தோஷம் வேற. இந்தா, மேசையில இது ஒண்ணு இருக்கு பாருங்க. ரெண்டா கழட்டி ஆளுக்கு ஒரு பாதி பிடிக்கிறது. பொடிசா, சோப்பு மாதிரி. இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒண்ணா இருக்கிறதை எதுக்குப் பிரிக்கணும்னு எரிச்சலா வரும். ஆனா இதுவே பரவால்ல. பிரிச்சாலும் பாதி நம்ம கையில இருக்கு. நீங்க முழுசாவே தூக்கிக் கொடுத்துட்டீங்க.

— அப்படியெல்லாம் பேசாதே. ஒரு நடை போயி பேட்டரி வாங்கிட்டு வர்றியா? வெள்ளையில சார்ஜ் இறங்கிடுச்சு.

— மறுபடியும் மணியைப் பார்க்கிறீங்க. நான் வந்ததிலிருந்து பார்த்துக்கிட்டே இருக்கீங்க. ஷட்டருக்குக் கீழ குனிங்கிறீங்க, பேட்டரி வாங்கிட்டு வாங்கிறீங்க. என்னை ஏன் துரத்துறீங்க?

— துரத்தல.

— அவ வர்ற நேரமா?

— அதாவது...

— அதாவது?

— வர்ற நேரம்தான்.

— நல்லது. வரட்டும். நானும் பார்க்கிறேன்.

— நீ இருந்தா உள்ள வரமாட்டாங்க.

— மாட்டாங்களா? மரியாதை எல்லாம் கொடுத்துப் பேசுறீங்க. வயசுல பெரியவங்களோ?

— பெரியவங்கதான்.

— வெட்கமா இல்லையா உங்களுக்கு? நான் அங்க கண் வலிக்க சால்டரிங் வெச்சுக்கிட்டிருக்கேன், நீங்க இங்க கூட உக்காந்து வண்டி ஓட்டுறீங்க. இதையும் பார்த்துடுங்க. மேல் மூடியும் கீழ் மூடியும் சேர்ற கோடு இருக்கு பாருங்க, அதுல ஊசியை விட்டு எடுத்தேன். ரோஸ் கலர் பொடி. பின்னாடி நடுவிரல் படுற இடத்துல கீறல், இரும்பு உரசின கீறல். மோதிரம். கன்னத்துல ரோஸ் பூசி, விரல்ல மோதிரம் போட்டுக்கிட்டு, உங்க வெள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இன்னும் நான் என்ன கண்டுபிடிக்கணும்?

— அந்தப் பொடியைக் கட்டைவிரல்ல வெச்சுத் தேய்ச்சுப் பாரு.

— எதுக்கு? என் கன்னத்துல பூசிக்கவா?

— சொல்லக்கூடாதுன்னு வாக்கு கொடுத்திருக்கேன். நீயா தெரிஞ்சுக்கிட்டா அது என் தப்பில்ல. தேய்ச்சுப் பாரும்மா.

— ...நறநறங்குது.

— ம்.

— கொஞ்சம் மெழுகு மாதிரி பிடிக்குது. மூஞ்சிக்குப் போடுறது இல்ல இது.

— இல்ல.

— துணியில கோடு போடுற சாக்குக்கட்டி.

— ம்.

— ரோஸ்தான் எடுப்பாரு. கடைக்காரன் வெள்ளை கொடுத்தாத் திருப்பிக் கொடுத்துடுவாரு. வெள்ளைத் துணியில கண்ணுக்குத் தெரியாதும்பாரு.

— என்கிட்டயும் சொன்னார்.

— அப்ப அந்தக் கீறல்?

— ஊசி குத்தாம இருக்க நடுவிரல்ல இரும்புத் தொப்பி மாட்டுவார்ல. சில நாள் கழட்ட மறந்து அப்படியே வந்துடுவார். வெள்ளையை வாங்கிப் பிடிச்ச பிறகுதான் ஞாபகம் வரும்.

— எங்க அப்பாவா?

— உங்க அப்பாதான்.

— எங்க அப்பா இந்த வீட்டுக்குள்ள வந்தாரா?

— நீ கடையில இருக்கிற நேரமாப் பார்த்து வருவார். முதல் நாள் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு வந்தார், உன் பழைய துணியெல்லாம் பிரிச்சு அளவு பெருசாக்கி வெச்சிருக்கேன், கொடுத்துட்டுப் போறேன்னு. நீ இல்லைன்னதும் வாசல்லயே நின்னார். உள்ள வாங்க மாமான்னேன். 'என் வாசப்படியை மிதிக்காதீங்கன்னு அவ சொல்லிட்டா, மிதிக்கலாமா?'ன்னு என்கிட்டயே கேட்கிறார்.

— நான் சொன்னதுதான். பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு வராத மனுஷனை வேற எப்படிப் பேசுறது?

— அவ இல்லாதப்ப மிதிச்சா அது மிதிச்ச கணக்குல வராதுன்னு நான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, சரிதான்னு செருப்பைக் கழட்டினார். வந்து உக்காந்தா ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்ல. அவர் ஃபேனைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு கண்ட்ரோலரை எடுத்து நீட்டிட்டேன்.

— வாங்கிட்டாரா?

— வாங்கிட்டார்.

— உடனேவா?

— உடனேதான். ஏன்?

— நான் நீட்டினா வாங்கினதே இல்ல. சின்னப் பிள்ளையில தையல் மெஷின் பக்கத்துல போயி நீட்டிக்கிட்டே நிப்பேன். அப்ப எல்லாம் வயர் வெச்சதுதானே, அவர்கிட்ட எட்டாது. டிவி மேசையே ஆடுற அளவுக்கு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். 'தள்ளிப் போம்மா, நூல் அறுந்துடும்'பாரு. ரெண்டாவது ஆள் கார் ஸ்டார்ட்டிங்லயே நிக்கும். நான் மட்டும் ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து அதைத் தாண்டிப் போவேன். ஜெயிச்சுட்டேன்னு டிவியில எழுத்து வரும். எதுக்கு வருதுன்னு இருக்கும்.

— அப்ப அவருக்கு வேலை இருந்துச்சு.

— இப்பவும்தான் இருக்கு. அவருக்காகப் பேசாதீங்க. எப்படி ஓட்டுவாரு?

— ரொம்ப மோசம். ட்ரிக்கரை மெஷின் பெடல் மாதிரி விட்டு விட்டு மிதிக்கிறார். வண்டி விக்கல் எடுத்துக்கிட்டே போகும். வளைவு வந்தா கண்ட்ரோலரோட சேர்ந்து அவரும் சாஞ்சிடுவார். முட்டிக் கவிழ்ந்தா ஒரே சிரிப்பு.

— சிரிப்பாரா?

— கண்ல தண்ணி வர்ற வரைக்கும்.

— பல்லு தெரியவா?

— என்ன கேள்வி இது?

— எனக்கு அவர் பல்லு எப்படி இருக்கும்னு சரியாத் தெரியாது. எப்பப் பார்த்தாலும் உதட்டுல குண்டூசியை வரிசையா கடிச்சுக்கிட்டு இருப்பாரு. சிரிக்க முடியாது, பேசவும் முடியாது. நான் எது சொன்னாலும் 'ம்'தான் வரும். நீங்க பார்த்திருக்கீங்க. வந்தது ஒரு பொண்ணா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். நாலு வார்த்தை கேட்டு விரட்டிட்டு, உங்களையும் ஒரு வாரம் பட்டினி போட்டுட்டு, ஆறியிருப்பேன். இப்ப நான் யாரை விரட்டுறது? என் அப்பாவை எனக்குத் தெரியாம நீங்க எடுத்து வெச்சுக்கிட்டீங்க.

— எடுத்து வெச்சுக்கல. உனக்காகத்தான் வர்றார்.

— எனக்காக வந்தவர் உங்ககூட எதுக்கு சிரிக்கணும்? என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?

— நேராக் கேட்க மாட்டார். அன்னைக்கு என் கையில வெள்ளைதான் இருந்துச்சு, அதைத்தான் முதல்ல நீட்டினேன். பிடிச்சுக்கிட்டு, 'அவ எதுல விளையாடுவா?'ன்னார். கறுப்பைக் காட்டினேன். வெள்ளையை என்கிட்டயே கொடுத்துட்டுக் கறுப்பை எடுத்துக்கிட்டார்.

— கறுப்பையா?

— ஆனா பிடிக்க முடியல. ஊசி பிடிச்சுப் பிடிச்சு விரல் முட்டியெல்லாம் இறுகிக் கிடக்கு, விரல் அவ்வளவு ஒல்லிப் பிடிக்கு மடங்க மாட்டேங்குது. கீழே போட்டுட்டார். எடுத்துத் துடைச்சு, 'ஒண்ணும் ஆகலையே, அவளுக்குத் தெரிஞ்சிடுமா?'ன்னு கேட்டுட்டு அதே இடத்துல வெச்சார். அதுக்கப்புறம்தான் குண்டுப் பிடியா இருக்கட்டும்னு வெள்ளையைத் திரும்பக் கொடுத்தேன். அது அவர் கையில உக்காந்துடுச்சு. பிடுங்க மனசு வரல.

— கை அவ்வளவு மோசமாவா இருக்கு?

— பட்டன் தைக்கிறதை எல்லாம் விட்டுட்டாராம்.

— இதை எல்லாம் உங்ககிட்ட சொல்றாரு.

— நான் கேட்கிறேன், சொல்றார். கதவு தட்டுற மாதிரி இருக்கு.

— எனக்கும் கேட்டுச்சு.

— அவர்தான். நீ வேணா உள் ரூமுக்குப் போறியா? இல்ல, நான் வெளிய போயி இன்னைக்கு வேண்டாம் மாமான்னு சொல்லிடட்டுமா?

— முதல்ல அந்த இடத்தை விட்டு எந்திரிங்க.

— இது நான் உக்கார்ற இடம்மா.

— தெரியும். அவருக்குப் பக்கத்து இடம்னு தெரியும். எந்திரிங்க. கறுப்பை இங்க கொடுங்க.

— சண்டை போட மாட்டியே?

— மாப்ள. என்ன இன்னைக்குக் கதவு சாத்தியிருக்கு? அவ கடைக்குப் போயிட்டாளா?

— அவ போயிட்டா, அப்பா. நீங்க உள்ள வாங்க.